மெய்யின் மேல் புள்ளி

மூன்று புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை.
நெஞ்சின் நடுவில் ஒன்று, விலாவுக்கு ஒன்றாய் இரண்டு.
ஊட்ரமில், நிலத்தடித் தளத்தில்,
ஐம்பத்தாறு வயதில், மேலாடை இல்லாமல்
குளிரில் படுத்து நான் பச்சை குத்திக்கொண்டேன்.

"எறும்பு கடிக்கிற மாதிரி, ஆன்ட்டி" என்றாள் ஹுவெய் ஷான்.
கதிர் தினமும் ஒரே இடத்தில் விழ வேண்டுமாம்.
இருபது நாள். தவறினால் அடுத்தது இதயம்.
"அழியுமா?"
ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அழியாது."
ஆறுதலாகத்தான் சொன்னாள்.

டைட்டஸ், உன் ஞாபகம் வந்தது.

உறுதிப்பூசுதல் வகுப்புக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவன் நீ.
பத்தொன்பது வயது, ராணுவ மொட்டை,
பின்கழுத்தில் தெக்கோங் வெயில்.
முன்கையில் முள்முடி சுற்றிய இதயம்,
ஓரத்தில் தோல் இன்னும் சிவந்திருந்தது.
ஆர்ச்சர்டில் ஏதோ மாடிக்கடை; முதல் சம்பளம்.
பிள்ளைகள் பார்த்திருக்க
வேதத்தைத் திறந்து அந்த ஒரு வரியை வாசித்தேன்,
இறந்தவருக்காக உடலைக் கீறுவதும் குறியிடுவதும் கூடாதென்ற வரியை.
நீ வாங்கிப் பார்த்தாய். விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாய்.
"டீச்சர், ரெண்டு நூல் கலந்த துணியும் கூடாதாமே.
உங்க சேலை?"

பாலிகாட்டன். தேக்காவில் எடுத்தது, நாற்பது வெள்ளிக்கு இரண்டு.
வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
ஆயர் வருகிற அன்று முழுக்கைச் சட்டை என்றேன்.

முழுக்கையில் வந்தாய்.
ஓஃபிர் சாலைக் கோவிலில், மின்விசிறி எட்டாத வரிசையில்,
மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு வியர்த்து நின்றாய்.
ஆயரின் கட்டைவிரல் உன் நெற்றியில் எண்ணெய் இட்டது.
ஆன்மாவில் விழும் அழியாத முத்திரை அது.
நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்,
இரண்டு மதிப்பெண் கேள்வி.
அங்கே அழியாததை ஆமென் என்றவள்
தோலுக்கு ஏன் அப்படிப் பயந்தேன்?
திருச்சபை சொன்னதா,
பூசை முடிந்து கேன்டீனில் வடையைப் பிட்டபடி
யார் வீட்டுப் பிள்ளை அது என்று கேட்கும்
அந்த நாலைந்து பேர் சொன்னார்களா?

பாதர் ஞானப்பிரகாசத்திடம் இப்போதுதான் கேட்டேன்.
"தடை ஒன்றும் இல்லையே. என்ன வரைகிறோம்,
எதற்கு வரைகிறோம், அதுதான் கேள்வி" என்றார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி,
"ஏன், நீங்கள் போட்டுக்கொள்ளப் போகிறீர்களா?"
போட்டாகிவிட்டது பாதர், என்று சொல்லவில்லை.
இடம் அப்படி.

இயந்திரத்தின் அடியில் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கிடக்கிறேன்.
நெடுக ஒரு பச்சைக் கோடு, குறுக்கே ஒரு பச்சைக் கோடு,
வெறும் ஒளிதான், நெஞ்சுப் புள்ளியில் வந்து சந்திக்கிறது.
எல்லோரும் வெளியே போகிறார்கள்.
கனத்த கதவு மூடுகிறது.
ஜெபிக்க நினைத்தால் இலக்கணம் வருகிறது;
முப்பது வருடம் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியைக்கு வேறென்ன வரும்.
மெய் புள்ளி பெறும்.
உயிர் வந்து ஏறினால் புள்ளி மறையும்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியென்றால் மூன்றாம் நாள்
உயிர் ஏறிய அந்த மெய்யில்
ஐந்தும் ஏன் அப்படியே இருந்தன?
நம்பாத ஒருவனைக் கூப்பிட்டு
விரலை இங்கே வை என்று காட்டும் அளவுக்கு?
விதிவிலக்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகலாம்.
முப்பது வருடம் அப்படித்தான் போனேன்.

ஒன்பதாம் நாள் சிகிச்சை முடிந்து ரயில் மேடையில்
பழைய வகுப்புப் பட்டியலில் உன் எண்ணைத் தேடினேன்.
மன்னிப்பு என்று தொடங்கியதை அழித்தேன்.
உன் கை ஆறியதா என்று தொடங்கி, அதையும்.
கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
'டைட்டஸ், அந்த இதயம் போட எவ்வளவு ஆயிற்று?
ரொம்ப வலித்ததா?'

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரே ஒரு சரிக்குறி விழுந்திருக்கிறது.
இரண்டாவது இன்னும் இல்லை.